மாப்பிள்ளையின் உடை

மணமகளின் கூறையைப் பற்றிப் பேசுவதற்கு நம்மிடையே ஆட்கள் பலர் உளர். அதன் நிறம் யாது, கரை எத்தகையது, எங்கே எடுத்தது என்று ஊரே ஆராயும். மாப்பிள்ளை என்ன உடுத்தான் என்று கேட்போர் அரியர். ஆகவே, இன்றைய பேச்சிலே அந்த எளிய மனிதனின் உடையைப் பற்றிச் சில சொல்லலாம் என்று எண்ணுகின்றேன். நான் தையற்காரனும் அல்லேன், துணி வணிகனும் அல்லேன். ஒரு பாடசாலையின் அதிபர். எனினும், என்னிடம் கற்ற பிள்ளைகள் மணமுடிக்கும் வயதை அடைந்தபின் அழைப்பிதழோடு வருகின்றனர். அவர்களுட் சிலர் ஆலோசனையும் கேட்கின்றனர்.

சென்ற ஆண்டு அப்படி ஒருவன் வந்தான். கொழும்பிலே கணக்காளனாக இருப்பவன். மணம் யாழ்ப்பாணத்தில் அவனுடைய ஊரிலே. “சேர், முகூர்த்தத்துக்கு ஷெர்வானி அணிய விரும்புகிறேன். அப்பப்பா வேட்டிதான் கட்டவேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறார். நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்” என்றான். பையன் ஆள் தெரியாமல் வந்துவிட்டான் என்று எனக்குள் நகைத்துக்கொண்டேன். நானோ கிழவரின் கட்சி. வருவதாக மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, அவனுக்குச் சொல்லவேண்டியவற்றை மனத்தில் ஒழுங்குபடுத்தலானேன்.

ஷெர்வானி என்பது வட இந்தியாவின் மிகத் தொன்மையான அரச உடை என்று நம் இளைஞர் நம்புகின்றனர். உண்மை வேறு. முகலாயர் அவையில் வழங்கிய நீண்ட அங்கிகளின் வழியிலே வந்து, ஆங்கிலேயரின் நீண்ட கோட்டினது வெட்டையும் பொத்தான் வரிசையையும் தழுவி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே உருப்பெற்ற உடை அது. இலக்னோ, ஐதராபாத் ஆகிய நகரங்களின் உயர்குடியினர் அதனை விரும்பி அணிந்தனர். 1875ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற அலிகார்க் கல்லூரியின் மாணவர்க்குக் கறுப்பு ஷெர்வானி ஓர் அடையாளமாயிற்று. முகம்மது அலி ஜின்னா அணிந்தமையால் பாக்கிஸ்தானிலே அது தேசிய உடை என்னும் மதிப்பைப் பெற்றது. அதற்கு நெருங்கிய உறவான அச்கன் என்னும் மேலங்கியை நேரு அணிந்தார். இவர்கள் அணிந்தவையெல்லாம் ஒரே நிறத்தவை, பூவேலையற்றவை. மார்பு முழுதும் சரிகையும் மணியும் மின்ன இன்று நம் மணமண்டபங்களிலே வந்து நிற்கும் ஷெர்வானியைக் கண்டால், அவர்கள் அதனைத் தம் உடையின் இனத்ததென்று ஏற்பார்களோ என்னவோ!

கலப்பாற் பிறந்தது என்பதனால் ஓர் உடை இழிந்ததாகிவிடாது. நம் பாட்டன்மாரின் பழைய நிழற்படங்களைப் பாருங்கள். இடையிலே வேட்டி, மேலே ஆங்கிலேயக் கோட்டு, தலையிலே தலைப்பாகை. கலப்பு நமக்கும் புதிதன்று.

என்னுடைய தடை வேறு. ஓர் உடையை, அதை அணிந்தவன் செய்யவேண்டிய வேலையைக் கொண்டு மதிக்கவேண்டும். மாப்பிள்ளை என்பவன் மணவறையிலே சம்மணமிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறான். எதிரே ஓமத்தீ. வந்தவுடன் தோழன் கழுவுவதற்காகக் காலை நீட்டவேண்டும். பின்னர்க் கைகளை உயர்த்தி, மணமகளின் கழுத்திலே தாலிக்கொடியைப் பூட்டவேண்டும். குனிந்து அவளுடைய காலைப் பிடித்து அம்மியில் வைக்கவேண்டும். தீயை வலம் வரவேண்டும். பெரியோரின் காலில் விழுந்து எழவேண்டும். கழுத்திலிருந்து இடை வரையிற் பொத்தானிட்டு, உட்துணி கொடுத்துத் தைத்து, முழங்காலளவுக்கு நீண்ட அங்கி நிற்பதற்கு ஏற்றது, நடப்பதற்கும் ஏற்றது. அதனோடு சம்மணமிட்டால் முன்பகுதி மேலெழுந்து கழுத்துப்பட்டி நாடியை முட்டும். கையை உயர்த்தினால் அக்குளிலே பிடிக்கும். ஆவணி மாதத்து வெயிலும் ஓமப்புகையும் சேர்ந்துகொண்டால் கேட்கவேண்டியதில்லை. தாலி கட்டுமுன்னரே மாப்பிள்ளை ஒருவர் மயங்கிச் சரிய, முகத்திலே தண்ணீர் தெளித்து எழுப்பியதை நான் கண்டதுண்டு. அவர் காலையிலிருந்து ஒன்றும் உண்ணாமல் இருந்ததும் ஒரு காரணமாகலாம். பழி முழுவதையும் ஷெர்வானியின் மேற் போடுதல் நீதியன்று.

துணியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இது வேட்டிக்கும் பொருந்தும். பட்டுப் போலத் தோன்றும் துணிகளுட் பல இன்று பொலியெஸ்ரர் இழையால் ஆனவை. பட்டு எளிதிலே பற்றி எரியாது. பொலியெஸ்ரரோ சூட்டில் உருகித் தோலிலே ஒட்டிக்கொள்ளும். ஓமத்துக்கு முன் இருப்பவனுக்கு இது சிறு காரியமன்று. ஓர் இழையைப் பிரித்தெடுத்து நெருப்பிலே காட்டிப் பாருங்கள். பட்டாயின் மயிர் கருகும் மணம் எழும். சாம்பல் விரலிடையே நொறுங்கும். பொலியெஸ்ரராயின் சுருங்கிக் கெட்டியான மணியாகிவிடும். வாங்கிய பின்னர்ச் செய்யவேண்டிய சோதனை இது என்பதனாற் கடைக்காரர் கோபிக்க இடமில்லை.

இனி வேட்டி. முழம் என்பது ஏறத்தாழ 18 அங்குலம். நான்கு முழ வேட்டி வீட்டுக்கும் வேலைக்கும் உரியது. எட்டு முழத்தை இரட்டையாக மடித்துக் கட்டுவதே சபைக்கும் மணவறைக்கும் பொருந்தும். பஞ்சகச்சமாயின் இன்னும் நீளம் வேண்டும். சேலத்து வெண்பட்டு இதற்குப் பேர்போனது. புதுப்பட்டு வழுக்கும் என்பதே மாப்பிள்ளைமாரின் அச்சம். அதற்கு மருந்து பழக்கம் ஒன்றே. மணநாளுக்கு இரண்டு கிழமை முன்னதாகவே வாங்கி, மாலைவேளைகளிலே கட்டிப் பழகவேண்டும். கட்டும்போது கால்களைச் சற்று அகற்றி நிற்றல் வேண்டும். கால்களைச் சேர்த்து நின்று கட்டினால் நிற்கும்போது அழகாயிருக்கும், சம்மணமிடும்போது அவிழும். கரை கணுக்காலைத் தொடலாம், நிலத்தைத் தொடலாகாது. கட்டியபின் இருந்து, எழுந்து, குனிந்து பார்க்கவேண்டும். மேலே சட்டை அணிவதோ, வெறும் மேனியிலே சால்வையைப் போர்ப்பதோ அவரவர் விருப்பம்.

இப்பொழுது ஒட்டுப்பட்டி வைத்துத் தைத்த வேட்டிகள் வந்துள்ளன. எங்கள் பாடசாலையின் வாணிவிழாவுக்கு மாணவர் பலர் அவற்றை அணிந்தே வருகின்றனர். அவர்களை நான் ஏளனம் செய்வதில்லை. வேட்டியைக் கட்டவே அஞ்சியிருந்த பிள்ளை அதனாலாவது ஒரு நாள் கட்டுகிறானே! ஆயினும், உட்காரும்போது அந்த ஒட்டு எழுப்பும் ஓசை தேவாரத்துக்கு இடையிலே கேட்கும்போது சிரிப்பை அடக்குவது அதிபருக்கும் கடினமே. தலைப்பாகையின் கதையும் இதுவே. பெட்டியிலே வாடகைக்கு வரும் ஆயத்தத் தலைப்பாகை பலருடைய தலைகளைக் கண்டது, எவருடைய தலைக்கும் அளவானதன்று. நீண்ட துணியைக் கையால் தலையிலே சுற்றிக் கட்டத் தெரிந்தவர் ஊருக்கு இருவர் மூவர் இன்னும் இருக்கின்றனர். அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

இத்துணைச் செய்தியோடு இலக்கியமும் சிறிது சேர்த்துக்கொண்டேன். புறநானூற்றின் 189ஆம் பாட்டிலே நக்கீரனார், உலகாளும் வேந்தனுக்கும் இரவும் பகலும் விலங்கு தேடித் திரியும் வேடனுக்கும் வேண்டிய உடை மேலொன்று கீழொன்று ஆக ஒரே அளவினது என்கிறார். பின்னர், அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று. 2014ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, சென்னையிலுள்ள ஒரு கழகம், வேட்டி உடுத்துச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை உள்ளே விட மறுத்தது. அடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சட்டசபை, அத்தகைய தடை இனி ஆகாது என்று சட்டம் இயற்றியது. இவற்றையெல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டு, பையனை அவனுடைய அப்பப்பாவின் முன்னிலையிலேயே வெல்லலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன்.

கிழவருக்கு எண்பத்தைந்து வயது. கண் பார்வை குறைந்திருந்ததேயன்றி நினைவு குறையவில்லை. தேநீர் அருந்தியபின் நான் தொடங்கினேன். வேட்டியும் சால்வையும் தலைப்பாகையும் நம் எல்லோருக்கும் பொதுவான பழைய மரபு என்று சொன்னேன். நக்கீரனாரையும் சொன்னேன். அவர் கையை மெல்ல உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“அதிபர், நீங்கள் படித்தவர். எல்லோருக்கும் பொது என்று சொல்கிறீர்கள். என்னுடைய ஐயா கலியாணத்துக்கென்று ஒரு சால்வை வாங்கி வைத்திருந்தார். தோளிலே போட விடவில்லை. வீதியாலே போகும்போது அதை அரையிலே கட்டிக்கொண்டுதான் போனார். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. தலைப்பாகையை நினைக்கவே முடியாது” என்றார்.

1930களிலே நடந்த மணம் அது. அக்காலத்திலே யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்டிருந்த சாதியினர்க்குத் தோளிலே சால்வையும் காலிலே செருப்பும் மறுக்கப்பட்டமை வரலாறு. சாதி காரணமாக ஒருவர்மீது தடை விதித்தல் குற்றம் என்னும் சட்டம் 1957ஆம் ஆண்டிலே வந்தது. சட்டம் வந்ததேயன்றி, வீதி உடனே மாறிவிடவில்லை. 1965ஆம் ஆண்டு தம்முடைய மணத்தின்போது, கிழவர் எட்டு முழ வேட்டி கட்டி, தோளிலே சால்வையும் தலையிலே பாகையுமாக அதே வீதியால் நடந்தார். நண்பர் பன்னிருவர் இருபுறமும் காவலாக வந்தனராம். “பயம் இருந்ததா?” என்று கேட்டேன். “வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிது” என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த வீதியிலே தடுத்து நின்றவர் யாவர் என்று நான் கேட்கவில்லை. என் பாட்டனாரின் வீடு அவ்வீதியிலேதான் இருந்தது. அவர் சால்வையோடு வீற்றிருக்கும் படம் ஒன்று இன்றும் எங்கள் விறாந்தையிலே தொங்குகிறது. சிறு வயது முதல் அதனைப் பெருமையோடு பார்த்து வந்தவன் நான். அன்று மாலை வீடு திரும்பியபோது அதன் எதிரே நெடுநேரம் நின்றேன். நான் மரபு என்று சொல்லிக்கொண்டு சென்ற சொல்லுக்கு, அந்தக் கிழவருடைய வீட்டிலே வேறு பொருள் இருந்தது.

பையன் இந்தக் கதையை அதற்கு முன் கேட்டதில்லை. அந்த வீட்டிலே எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அந்த நோவு வேண்டாம் என்று பெரியவர்கள் எண்ணியிருக்கலாம். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டான். கிழவர் என்னிடம், “ஷெர்வானி கூடாது என்று நான் சொல்லவில்லை, அதிபர். முதலில் இதைக் கட்டட்டும். பிறகு அவனுக்கு விருப்பமானதைப் போடட்டும்” என்றார்.

அப்படியே நடந்தது. முகூர்த்தத்தன்று தலைப்பாகையைத் தாய்மாமன் கட்டினார். சால்வையைக் கிழவரே தடவித் தடவி மடித்து, பேரனுடைய தோளிலே போட்டார். மாலை வரவேற்புக்குப் பையன் கருநீல நிறத்து ஷெர்வானி ஒன்றை அணிந்து வந்தான். அதிகப் பூவேலை இல்லாதது. நெடிய உடலுக்கு எடுப்பாகவே இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். கிழவர் அதன் கைந்நுனியைப் பிடித்து, விரல்களாற் பின்னலைத் தடவிப் பார்த்து, “என்ன விலை?” என்று கேட்டார். பையன் சொன்ன தொகையைக் கேட்டு, காது சரியாகக் கேட்கவில்லை என்று எண்ணி மீண்டும் கேட்டார்.

விடைபெறும்போது பையன் என் அருகிலே வந்து, “சேர், ஒரு தடவைகூட அவிழவில்லை” என்றான்.