கமக்காரனுக்கும் காப்புறுதி வேண்டும்!

(கோமாரியில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



1951 இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிந்தது. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கினார்கள். வெறும் 25 சதம்! அதற்கே நோயாளர் வரவு சட்டெனக் குறைந்தது. 1977 இல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. ஏழையின் வாசலில் சிறு தடையும் பெருமதில் என்பதை அந்த ஆறாண்டுகள் நமக்குக் கற்பித்தன.

இன்று கட்டணம் இல்லை. ஆனால் செலவு இல்லையா? வடக்கே திருக்கோவிலிலும் தெற்கே பொத்துவிலிலும் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. வைத்தியர் பணம் கேட்பதில்லை. ஆயினும், இல்லாத மருந்துக்கும் வெளியில் செய்யவேண்டிய பரிசோதனைக்கும் துண்டு எழுதித் தருகிறார். அத்துண்டைக் கையில் பிடித்தபடி, விதைநெல்லை விற்பதா, மனைவியின் தோட்டை அடகு வைப்பதா என்று கமக்காரன் கலங்குகிறான். நாட்டின் சுகாதாரச் செலவில் பாதிக்கு அண்மித்த பங்கை மக்களே தம் மடியிலிருந்து கொடுக்கிறார்கள். இதுவோ இலவச வைத்தியம்?

அரசாங்க உத்தியோகத்தருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. சம்பளத்தில் சிறுதொகை கழிகிறது; நோய் வந்தால் ஈடு கிடைக்கிறது. அதனை நாம் குறைகூறவில்லை. 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் கமக்காரனுக்கு ஓய்வூதியம் வகுத்தது. அங்கவீனத்துக்கும் மரணத்துக்கும் உதவி வகுத்தது. நோயில் விழுந்து, மீண்டும் எழ விரும்புகிறவனுக்கோ வழி சொல்லவில்லை!

தமிழ்நாட்டில் 2009 முதல் ஏழையின் கட்டுப்பணத்தை அரசே செலுத்துகிறது. நன்று. ஆயினும் பட்டியலிலுள்ள பெரும் சிகிச்சைகளுக்கே அது பெரிதும் பயன்படுகிறது. நீரிழிவுக்காரன் நாள்தோறும் விழுங்கும் குளிசைக்கு யார் பொறுப்பு? தாய்லாந்து 2002 இல் வேறு வழி கண்டது: வேறெந்தக் காப்பும் இல்லாத உழவரையும் கூலியாளரையும் பொது வரிப்பணத்தால் அணைத்துக்கொண்டது.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, இலவச வைத்தியசாலைக்குரிய நிதியில் ஒரு சதமும் குறையக் கூடாது. இரண்டாவது, கமக்காரர், மீனவர், கூலித் தொழிலாளர் அனைவருக்கும் அக்ரஹாரவைப் போன்ற காப்புறுதி வேண்டும். வசதியுள்ளோர் அறுவடை முடிந்ததும் போகத்துக்கு ஒருமுறை செலுத்தட்டும். இல்லாதார்க்கு அரசு செலுத்தட்டும். மூன்றாவது, அப்பணம் வெளி மருந்துக்கும் பரிசோதனைக்கும் முதலிற் செல்லட்டும். தனியார் மருத்துவமனைகளுக்கே அது பாயுமானால் வைத்தியரும் அங்கேயே செல்வர். நம் வைத்தியசாலையில் சுவர்களே மிஞ்சும்.

உத்தியோகப் பெருமக்களே! உங்களுக்குக் கிட்டிய நிழலில் உழவனுக்கும் இடம் கேளுங்கள். 2004 மார்கழி 26 ஆம் நாள் கடல் இக்கரையில் ஏறியபோது, உத்தியோகத்தன் யார், கமக்காரன் யார் என்று பார்க்கவில்லை. நோயும் பார்ப்பதில்லை. காப்புறுதி மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?