மூட்டை சுமந்தவர்களின் இதயம்



தூத்துக்குடிக்காரர்களிடம் இதயத்தைப் பற்றிப் பேசுவதென்றால் துறைமுகத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. உடல் உழைப்புக்கும் மாரடைப்புக்கும் உள்ள உறவை எண்களோடு எடுத்துக்காட்டிய பெரிய ஆய்வுகளில் ஒன்று, கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களை வைத்து நடந்தது. நடந்த இடம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ. நடத்தியவர் ரால்ஃப் பாஃபன்பர்கர் என்ற மருத்துவ ஆய்வாளர்.

35 வயதிலிருந்து 74 வயது வரையிலான 6,351 துறைமுகத் தொழிலாளர்களை, 1951 முதல் 22 ஆண்டுகள் அவர் தொடர்ந்து கவனித்தார். அந்தத் துறைமுகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் ஐந்து ஆண்டு சரக்கு தூக்கியாக வேண்டும். அதன்பிறகே இலகுவான வேலைக்குப் போகலாம். ஆய்வாளருக்கு இது பெரிய வாய்ப்பு. ‘திடமான ஆள்தான் மூட்டை தூக்கப் போவான், அதனால் அவனுக்கு நோய் குறைவு’ என்று யாரும் எளிதில் தள்ளிவிட முடியாதல்லவா?

முடிவு தெளிவாக வந்தது. பத்தாயிரம் பேர் ஓராண்டு வேலை செய்தால் எத்தனை பேர் இதய நோயால் இறக்கிறார்கள் என்று கணக்கிட்டார்கள். கடும் உழைப்பில் இருந்தவர்களில் சுமார் 27 பேர். நடுத்தர உழைப்பில் 46. உட்கார்ந்தும் நின்றும் பார்க்கிற இலகு வேலையில் 49. நின்ற இடத்திலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுகிற திடீர் மரணங்களில் இடைவெளி இன்னும் அதிகம்.

அதற்கு முன்பே, 1953இல், லண்டனில் ஜெரெமி மோரிஸ் என்பவர் பேருந்துத் தொழிலாளர்களிடம் இதையே கண்டிருந்தார். நாள் முழுக்க மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இதய நோய் அதிகமாக வந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1974இல் பெரிய துறைமுகம் வருவதற்கு முன், கரையோரம் ஆழம் போதாததால் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணியில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும், தோணியில் கொண்டுவந்து இறக்க வேண்டும். ஒரு மூட்டை எத்தனை தோள் மாறியது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கிவிட, மூன்றாமவர் குனிந்து முதுகில் வாங்கிக்கொண்டு, ஆடுகிற பலகையில் கால் விரல்களை அழுத்தி ஊன்றி நடப்பார். இறக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பும் அந்தச் சில நொடிதான் அவருக்கு ஓய்வு. பிறகு மறுபடி ஒரு மூட்டை.

அந்த விட்டுவிட்டு வரும் உழைப்பை, அதாவது கொஞ்ச நேரம் முழு மூச்சாக வேலை, கொஞ்ச நேரம் இளைப்பாறல் என்ற முறையை, பாஃபன்பர்கரும் முக்கியமாகக் குறித்திருக்கிறார்.

இன்று நிலக்கரி கன்வேயரில் ஏறி அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. கன்டெய்னரைக் கிரேன் தூக்குகிறது. அந்தக் கிரேனை ஓட்டுகிற தம்பி கண்ணாடிக் கூண்டுக்குள், தலையைக் குனிந்து கீழே பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். தாத்தா சுமை தூக்கிய ஊரில் பேரன் நாற்காலியில் இருக்கிறான். ஆனால் வீட்டில் சாப்பாட்டின் அளவு தாத்தா காலத்து அளவாகவே இருக்கிறது. எண்ணெயில் மூழ்கிய புரோட்டாவும் இரவில் வந்து சேர்ந்துவிட்டது.

பழைய சுமையை நான் திரும்பக் கேட்கவில்லை. அது முதுகையும் முழங்காலையும் தின்றது. அதைத் தூக்கிய மனிதர்கள் ஆசைப்பட்டுத் தூக்கவில்லை. இன்னொரு உண்மையும் இருக்கிறது. கோபன்ஹேகனில் ஒரு லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்பவர்களுக்கு இதய நோய் குறைகிறது என்றது. வேலையில் கடுமையாக உழைப்பவர்களுக்கோ ஆபத்து கூடுகிறது என்றும் சொன்னது. பல மணி நேரம் பாரம் தூக்கினால் ரத்த அழுத்தம் ஏறியே நிற்கும். இளைப்பாற நேரமில்லாத உடம்பு தேறுவதில்லை. ஆகவே உப்பளத்தில் வெயிலில் உப்பு வாருகிற அக்காவிடம் போய், ‘நீங்கள் இன்னும் நடக்க வேண்டும்’ என்று சொல்வது அறியாமை. அவருக்கு வேண்டியது நிழல், குடிநீர், இடைவேளை, ரத்த அழுத்தப் பரிசோதனை. நடக்க வேண்டியவர்கள் கூண்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்திருக்கிற நாம்.

நமக்கு அவசரமும் அதிகம். கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் படித்து, கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுப் என்ற இதய மருத்துவர் 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்தார். அதில் நம் தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வந்த இடைநிலை வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59. மகள் திருமணமும் மகன் படிப்பும் பாக்கியிருக்கிற வயதில் ஆறு ஆண்டு முந்தி வருகிறது என்றால், அது குடும்பத்தின் மீது விழுகிற இடி. அவருடைய குழு 17 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேரை ஆராய்ந்து 2017இல் இன்னொன்றும் சொன்னது. வாரத்துக்கு 150 நிமிடம் உடலை அசைப்பவர்களிடம் மரணம் குறைவு. ஜிம்முக்குப் போனால்தான் என்றில்லை. கடைக்கு நடப்பதும் வீட்டு வேலையும் கணக்கில் சேரும்.

‘வயசாகிவிட்டது, இனி என்ன’ என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1966இல் டல்லாஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரை அழைத்து மீண்டும் சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை பறித்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களின் உடல் திறனை அதிகமாகப் பறித்திருந்தது! ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்ததும் இளமையில் இருந்த திறனை அவர்கள் திரும்ப எட்டினார்கள்.

அதே நகரின் பெஞ்சமின் லெவின் என்ற இதய ஆய்வாளர், 45 முதல் 64 வயது வரையுள்ள, உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்களுக்கு இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து 2018இல் முடிவை வெளியிட்டார். வயதால் இறுகத் தொடங்கியிருந்த இதயத் தசை தளர்ந்து நெகிழ்ந்தது. 65 வயதைக் கடந்து தொடங்கியவர்களுக்கு அந்த இறுக்கம் அப்படித் தளரவில்லை. ஆனால் அவர்களுக்கும் உடல் திறன் கூடியது. அதனால் நாற்பதுகளில் இருப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

சூழலுக்கு இதயம் எவ்வளவு இணங்கும் என்பது முத்துக்குளித்துறையான நம் ஊருக்குப் புதிதல்ல. இங்கே 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. குளியாள் கல்லைப் பற்றி இறங்கி, ஒரே மூச்சில் சிப்பி பொறுக்கி, கயிறு பிடித்தவர் இழுக்க மேலே வருவார். ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இதே தொழில் செய்தவர்களை ஷோலாண்டர் என்ற ஆய்வாளர் சோதித்து, 1962இல் வெளியிட்ட ஆய்வில், மூழ்கியதும் நாடித்துடிப்பு வெகுவாகக் குறைந்ததைப் பதிவு செய்தார். கை கால்களுக்குப் போகும் ரத்தம் சுருங்கி, இருக்கிற பிராணவாயு இதயத்துக்கும் மூளைக்கும் மிச்சமாகிறது. இதய நோய் உள்ளவர்கள் மூச்சடக்கிப் பார்க்கும் வேலையில் மட்டும் இறங்க வேண்டாம்.

தொடக்கத்தில் சொன்ன பாஃபன்பர்கர், தாம் கண்டதைத் தம் உடம்பில் செய்து பார்த்தவர். நாற்பதுகளில் ஓடத் தொடங்கி, மாரத்தான்கள் பல ஓடி, 84 வயது வரை வாழ்ந்தார். ஜெரெமி மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார்.

ரோச் பூங்காப் பக்கமோ முத்துநகர் கடற்கரையிலோ நடப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். ஒரு நாளுக்கு அரைமணி, வாரம் ஐந்து நாள். ஏற்கெனவே இதய நோயோ சர்க்கரையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். கருவாடும் ஊறுகாயும் தட்டில் கொஞ்சம் குறையட்டும்; ஒரு நாளைக்கு மொத்த உப்பு ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ, குப்பென்று வியர்த்தாலோ, ‘வாயுப் பிடிப்பு’ என்று இஞ்சி சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே தரப்படுகின்றன. உங்களுக்குப் பக்கத்து நிலையம் எங்கே இருக்கிறது என்று இன்றே வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.