கண்ணுக்குத் தெரியாத பனி

லடாக்கில் 5,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது கர்துங் லா கணவாய். அங்கே மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் வெள்ளைப் பனியைப் பார்த்துப் பயப்படுவார்கள். அதுவாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத பனி ஒன்று உண்டு, அதுதான் பொல்லாதது!

பகலில் உருகி ரோட்டில் வழிகிற தண்ணீர், ராத்திரியில் மெல்லிய கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். அடியில் கறுப்புத் தார் அப்படியே தெரியும். 'சும்மா ஈரம்தானே' என்று தோன்றும். வெயில் படாத வளைவுகளிலும், மேலும் கீழும் குளிர்காற்று வீசுகிற பாலங்களிலும் இது அதிகம்.

டயர் அதில் ஏறிவிட்டால்? பதறிப்போய் முன் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. சக்கரம் சுழலாமல் நின்றால், அடுத்த நொடி நாம் தரையில். சக்கரம் நின்றுவிடாமல் தடுக்கிற ஏபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். இல்லாத பிடிமானத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? ஆக்சிலேட்டரை மெதுவாகத் தளர்த்துங்கள். வண்டியைச் சாய்க்காமல் நேராகக் கடந்துவிடுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். விரல் மரத்துப்போனால் பிரேக் எவ்வளவு பிடிக்கிறோம் என்பதே தெரியாது. நல்ல கையுறை அவசியம்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, வெயில் நன்றாக ஏறும்வரை டீக்கடையிலேயே உட்கார்ந்திருப்பது. வெயில் பட்ட பனி உருக இரண்டு டீ நேரம் போதும். உடைந்த கால் சேர இரண்டு மாதமாவது ஆகும்!