பிறப்போடு வருவதும் கவலையோடு வளர்வதும்



திருக்கோயிலுக்கு வருவோரில் மனக்கவலை இல்லாதவர் அரியர். மகளின் திருமணம், மகனின் வேலை, கடன், வழக்கு என்று ஏதேனும் ஒன்றை நெஞ்சில் சுமந்தே பலரும் கொடிமரத்தின் முன் விழுந்து வணங்குகின்றனர். அக்கவலை உள்ளத்தோடு நின்றுவிடுவதில்லை. இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகின்றது. ஆயினும், ஒரே வகைத் துன்பத்துக்கு ஆளான இருவரில் ஒருவருக்கு ஏறிய அழுத்தம் சிறிது நேரத்தில் தணிகின்றது. மற்றவருக்கோ நாளடைவில் அதுவே நோயாக நிலைத்துவிடுகின்றது. இவ்வேறுபாடு எதனால் வந்தது?

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுத்துக் கூறும். முன்னர் ஈட்டிக் குவித்தது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம். நுகரும்போதே புதிதாக ஈட்டுவது ஆகாமியம். நோயை வினையென்று சொல்லி ஒருவரைப் பழிப்பதற்காக இது கூறப்படவில்லை. உவமையாகக் கொண்டால் பொருள் எளிதில் விளங்கும். பெற்றோர் தந்த மரபணுக்கள் நுகர வந்தவற்றைப் போன்றவை. நாள்தோறும் சேரும் பதற்றமும் மிகுதியான உப்பும் புதிதாக ஈட்டுபவை போன்றவை.

மக்களிடையே காணப்படும் இரத்த அழுத்த வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மரபுவழிப்பட்டது என்பர் மருத்துவ அறிஞர். பெரும்பாலோர்க்கு இதற்கெனத் தனியொரு மரபணு காரணமாவதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் இதில் பங்கு கொள்கின்றன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. ஆதலால், தந்தைக்கு இருந்த நோய் மகனுக்கு வந்தே தீரும் என்று சொல்வதற்கில்லை.

இனி, கவலை செய்யும் வேலையைக் காண்போம். மனம் அஞ்சும்போது பரிவு நரம்புகள் கிளர்ந்தெழுகின்றன, அட்ரினலின் சுரக்கின்றது, இதயம் விரைந்து துடிக்க, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இது எல்லோர்க்கும் பொது. 1983 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாவில் நிகழ்ந்த ஓர் ஆய்வு இதற்கு மேலும் ஒன்றைக் காட்டியது. இளைஞர்கள் சிலரைப் போட்டியுணர்வோடு மூளைக்கு வேலை தரும் பயிற்சிகளில் ஈடுபடுத்தினர். பெற்றோர்க்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தவர்களும், தமக்கே அழுத்தம் எல்லைக்கோட்டில் இருந்தவர்களும் அப்போது சிறுநீரில் உப்பையும் நீரையும் குறைவாகவே வெளியேற்றினர். கவலை சிறுநீரகத்தையும் இறுகப் பிடித்துக்கொள்கின்றது போலும்! அங்கேயே 103 ஆடவரைப் பத்தாண்டுகள் கழித்து மீண்டும் சோதித்து, 1999 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மிகுதியாகப் பதறும் இயல்பு மட்டும் பிற்கால அழுத்தத்தை உயர்த்தவில்லை. அவ்வியல்போடு குடும்ப வழி நோயும், அன்றாட வாழ்வின் நெருக்கடியும் கூடியபோதே உயர்த்தியது.

இத்தாலியின் உம்பிரியாப் பகுதியில் மடத்தை விட்டு வெளியேறாது மௌனமும் தியானமுமாக வாழ்ந்த 144 கன்னியரையும், இல்லறத்தில் இருந்த 138 பெண்களையும் இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். முடிவு 1988 ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொடக்கத்தில் வயது, அழுத்தம், உப்பின் அளவு, குடும்பத்தில் நோய் இருந்த நிலை ஆகிய யாவற்றிலும் இரு சாராரும் ஒத்திருந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல இல்லறப் பெண்களின் அழுத்தம் ஏறியது. கன்னியரின் அழுத்தம் ஏறவில்லை. மகப்பேறு, குடும்பப் பொறுப்பு முதலிய பிற வேறுபாடுகளும் இவர்களிடையே உண்டு. ஆகவே தியானம் இருந்தால் மருந்து வேண்டா என்று இதிலிருந்து கொள்ளுதல் தவறு.

விரதம் என்றும் மாலை அணிந்துள்ளோம் என்றும் மாத்திரையை நிறுத்திவிடும் அன்பர்கள் உளர். சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் சட்டென்று மேலெழும். பக்கவாதம் முன்னறிவிப்பின்றி வரக்கூடும். விரதம் தொடங்குமுன் மருத்துவரிடம் கூறினால், மாத்திரை உண்ணும் வேளையை அவரே மாற்றித் தருவார். பெற்றோர்க்கு இந்நோய் இருந்தால், பிள்ளைகள் இளம் வயதிலேயே அளந்து பார்த்தல் நலம். உயர் அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. மலைப்படி ஏறி வந்த மூச்சிரைப்போடு அளக்கலாகாது. ஐந்து நிமிடமேனும் பேசாது அமர்ந்திருந்து அளக்க வேண்டும். மருத்துவரைக் கண்ட அச்சத்தாலேயே சிலர்க்கு அழுத்தம் ஏறும் என்பதால், ஒரு நாள் 140/90 என்று கண்டதும் கலங்காது வேறு நாள்களிலும் அளந்து பார்ப்பதே மருத்துவர் கொள்ளும் முறையாகும்.

திருச்சிற்றம்பலம்.