கையெழுத்துக்குப் பின் கைகொடுப்பவர் யார்?

(பொன்விழாவை முன்னிட்டு நடந்த வயது வந்தோர் கல்வி நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றதும் கோபுரத்துக்கு வர்ணம் பூசுகிறோம், தேர் ஜோடிக்கிறோம், விருந்து வைக்கிறோம். எல்லாம் வேண்டியவைதாம். ஆயினும் இந்த ஐம்பது ஆண்டுகளில் நம் மக்களின் பிழைப்பு எவ்வளவு உயர்ந்தது என்று கேட்டுப் பார்ப்பதும் விழாவின் ஒரு பகுதி அன்றோ? அந்தக் கேள்வியோடுதான் இன்று உங்கள் முன் நிற்கிறோம். வயது வந்தோர் கல்வியில் தொழில்வழிகாட்டியின் பங்கு என்ன என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் நம் குறை ஒன்றை அறிக்கையிட்டுவிடுகிறோம். முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில் கொத்தனாருக்குச் சித்தாளாக வேலை பார்த்த இளைஞர் ஒருவர் மாலை வகுப்புக்கு வந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஓராண்டில் நாளிதழைத் தடையின்றிப் படிக்கும் அளவுக்குத் தேறினார். ஒரு நாள், "சாமி, அடுத்து நான் என்ன செய்யலாம்? வெல்டிங் கத்துக்க ஆசை" என்றார். "நன்றாகப் படி, ஆண்டவர் வழிகாட்டுவார்" என்று சொல்லி, தோளில் தட்டி அனுப்பிவைத்தோம். அவர் கடன் வாங்கி ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டினார். ஆறு மாதம் கழித்துக் கிடைத்த சான்றிதழை எந்தத் தொழிற்சாலையும் ஏற்கவில்லை. கடன் மிஞ்சியது. மறுபடியும் செங்கல் சுமக்கப் போனார். மாலை வகுப்புப் பக்கம் அதன்பின் அவர் வரவே இல்லை.

எட்டாம் வகுப்புத் தேர்வைப் பள்ளிக்குப் போகாமலே தனித்தேர்வராக எழுதலாம். அதில் தேறினால் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் பிரிவில் சேரலாம். பயிற்சி ஓராண்டுதான். இந்த இரண்டு செய்திகள் அன்று நமக்குத் தெரிந்திருந்தால் அவர் வாழ்வே மாறியிருக்கும். ஆண்டவர் வழிகாட்டுவார் என்று சொன்னோம். அந்த வழியை விசாரித்துச் சொல்லும் பொறுப்பை அவர் நம்மிடம் விட்டிருந்தார் என்பதை மறந்தோம்.

நம் நாட்டின் வரலாறும் இதே பாடத்தைத்தான் கற்பிக்கிறது. 1978 அக்டோபர் 2-இல் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியபோது, 15 முதல் 35 வயதுள்ள 10 கோடிப் பேருக்கு எழுத்தறிவு தருவது குறிக்கோளாக இருந்தது. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. நாம் குருமடத்தில் பயின்ற காலத்தில், 1991-இல், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அங்கே பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் படித்த பெண் சந்தைக்கும் அலுவலகத்துக்கும் பிறர் தயவின்றிப் போய்வரச் சைக்கிள் உதவியது. கற்ற கல்வி ஓரிடத்துக்குப் போய்ச்சேர ஒரு வாகனம் வேண்டும். தொழில்வழிகாட்டி அப்படிப்பட்ட வாகனம்.

அமெரிக்க நாட்டில் வயது வந்தோர் கல்வி நிலையங்களில் இதற்கென்றே ஊழியர்களை வைத்திருக்கிறார்கள். 'கேரியர் நேவிகேட்டர்' என்று பெயர். கப்பலுக்குத் திசை பார்ப்பவன்தான் நேவிகேட்டர். 2014-இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம் ஒன்றின்படி, வகுப்பை முடித்து வெளியேறியவர் அதன்பின் இரண்டாவது காலாண்டிலும் நான்காவது காலாண்டிலும் வேலையில் இருக்கிறாரா என்று கணக்கெடுக்கிறார்கள். நாமோ சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்ட அன்றே கணக்கை மூடிவிடுகிறோம்!

நம் திருச்சபைக்கும் இது புதிதன்று. கனடா நாட்டின் கிழக்குக் கரையில், அந்திகோனிஷ் என்ற ஊரில், 1928-இல் மோசஸ் கோடி என்ற குருவானவர் புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறைக்குப் பொறுப்பேற்றார். வறுமையில் வாடிய மீனவரும் விவசாயிகளும் சிறு சிறு படிப்பு வட்டங்களாகக் கூடினார்கள். தங்கள் பிழைப்பை எப்படிச் சீர்படுத்துவது என்பதே அவர்கள் படித்த பாடம். அதிலிருந்து கூட்டுறவுச் சங்கங்களும் கடன் சங்கங்களும் எழுந்தன.

அப்படியானால் வழிகாட்டி செய்யவேண்டியது என்ன?

முதலாவது, கேட்பது. வயது வந்தவர் வெறும் பலகையாக வருவதில்லை. இருபது ஆண்டு தையல் தைத்தவர், வலை பின்னியவர், மேஸ்திரியாக இருந்தவர் வருகிறார். அவருக்கு என்ன தெரியும், என்ன ஆசை, வீட்டில் என்ன பாரம் என்று பொறுமையாகக் கேட்டறிய வேண்டும். கையில் உள்ள அனுபவத்தையே சோதித்துச் சான்று அளிக்கும் ஏற்பாடும் இன்று நாட்டில் உண்டு. அதை எத்தனை மேஸ்திரிகள் அறிவார்கள்?

இரண்டாவது, படிகளைக் காட்டுவது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்த எவரும் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், உச்ச வயது வரம்பு இல்லை, தமிழிலும் எழுதலாம். 1967-இல் பம்பாயில் தொழிலாளருக்கென முதன்முதல் தொடங்கிய 'ஷ்ரமிக் வித்யாபீடம்' இன்று 'ஜன் சிக்ஷன் சன்ஸ்தான்' என்ற பெயரில் பல மாவட்டங்களில், எழுத்தறியாதவருக்கும் பள்ளியை இடையில் விட்டவருக்கும் தொழில் கற்பிக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பெயரிலேயே 'தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்ற சொற்கள் இருக்கின்றன. அங்கே செய்த பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்து, மூப்பை இழந்தவர்கள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள்.

மூன்றாவது, தடைகளை நீக்குவது. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதார் அட்டையில் இன்னொரு பெயர்! ஒரு தாயார் இந்த மூன்றையும் கொண்டுவந்து, "சாமி, இதில் நான் யார்?" என்று கேட்டார். சிரித்துவிட்டோம். ஆனால் விண்ணப்பம் தள்ளுபடியானபோது சிரிப்பு வரவில்லை. பெயர்த் திருத்தம், தொலைந்த மாற்றுச் சான்றிதழ், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், மாலையில் திரும்பிவரப் பஸ் ஆகிய சிறு காரியங்களில்தான் பெரிய ஆசைகள் முடங்கிப்போகின்றன.

நான்காவது, பின்தொடர்வது. வேலையில் சேர்ந்த முதல் மூன்று மாதங்கள் கடினமானவை. மேற்பார்வையாளரின் ஒரு சுடுசொல்லில் வேலையை விட்டுவிட்டு வருபவர் உண்டு. அப்போது வீட்டுக்குப் போய், "என்ன நடந்தது?" என்று கேட்க ஒருவர் இருந்தால் பாதிப்பேர் திரும்பிப் போவார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். வழிகாட்டி முடிவெடுப்பவர் அல்லர். "உனக்கு இதுதான் சரி" என்று கிடைத்த வேலையில் ஆளைத் தள்ளிவிடுவது வழிகாட்டல் ஆகாது. தையல் வேண்டாம், மின்சார வேலைதான் வேண்டும் என்று ஒரு பெண் சொன்னால், பெண்பிள்ளைக்கு எதற்கு என்று கேட்காமல், அதற்கு எத்தனை படிகள் ஏறவேண்டும் என்று சொல்லுங்கள். ஏறுவதா வேண்டாமா என்பது அவர் பாடு. தரகு வாங்கி ஆள் சேர்ப்பவரை இந்தப் பணிக்கு அருகிலும் விடவேண்டாம்.

எனவே இந்தப் பொன்விழா ஆண்டில் நாம் ஒன்று செய்வோம். ஒவ்வோர் அன்பியமும் ஒரு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கட்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களே, அரசு ஊழியர்களே, தொழிற்சாலைகளில் பணியாற்றியவர்களே, உங்களைத்தான் கேட்கிறோம். பெரும் பட்டம் தேவையில்லை. விசாரித்துத் தெரிந்துகொள்ளும் ஆர்வமும், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மையும் போதும். ஞாயிறு பூசைக்குப் பின் கோவில் முற்றத்தில் ஒரு மேசை, ஒரு நோட்டுப் புத்தகம். வருபவரின் பெயர், படிப்பு, விருப்பம், அடுத்த படி, மறுபடி சந்திக்கும் தேதி ஆகிய ஐந்தும் அதில் எழுதப்படட்டும். அந்த ஐந்தாவதுதான் முக்கியம். அன்று அந்த இளைஞரிடம் நாம் கேட்கத் தவறியது அதைத்தான்.

இன்று அவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தின் கதவு அவருக்கு இன்னும் அடைபட்டுவிடவில்லை. விழா முடிந்ததும் அந்தப் பழைய பங்குக்குப் போய் அவரைத் தேடிப் பார்ப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். நீங்களும் உங்கள் தெருவில் அப்படி ஒருவரைத் தேடுங்கள்.

இறைவன் நம் முயற்சிகளை ஆசீர்வதிப்பாராக.