காடைக்குஞ்சு வரும்வரை

காடை முட்டை பொரிக்க 17 நாள் ஆகும். சில முட்டை 18 நாள் எடுக்கும். கோழிக்கு 21 நாள் காத்திருந்து பழகிய நமக்கு இது குறைவுதான். ஆனாலும் இன்குபேட்டரில் காடை முட்டை வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோழியை அடை வைத்த வீட்டில் இல்லாத தவிப்பு அவர்களிடம் இருக்கும். கோழி அடையில் உட்கார்ந்துவிட்டால் முட்டைக்கு அதுவே பொறுப்பு. சூடு கொடுப்பது, அலகால் புரட்டுவது, எப்போது எழுந்து போகலாம், எப்போது திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். நம் ஆச்சிமார் கூடையில் உமியோ மணலோ பரப்பி, இடிக்குப் பயந்து ஓர் இரும்புத்துண்டும் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் போட்டு வைப்பார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது.

காடைக்கு அந்த வசதி இல்லை. செட்டிநாட்டுச் சமையலில் காடைக்குத் தனி இடம் உண்டு. ஆனால் இன்று காரைக்குடிக் கடைகளில் வறுவலாக வருவது நம் பொட்டல்காட்டுக் காடை அல்ல. காட்டுக் காடையைப் பிடிக்க வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. 1974இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து உத்தரப்பிரதேசத்தின் இஸத்நகருக்கு வந்தது. பிறகு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் அதிலிருந்து நாமக்கல் காடை, நந்தனம் காடை என்று நமக்கேற்ற ரகங்களைக் கொண்டுவந்தார்கள். ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும். இட்ட இடத்திலேயே விட்டுவிட்டு நடந்து போய்விடும். மனிதன் தலைமுறை தலைமுறையாக முட்டைக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்ததில், அடை உட்காரும் குணமே அதனிடம் அற்றுப்போனது. அதனால்தான் அடைகாக்கும் கடமை நம்முடையது என்கிறேன். அந்தக் குணத்தைப் பறித்தவர்கள் நாம்தானே.

கடமை, முட்டையை இயந்திரத்தில் வைப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சித்திரை வைகாசியில் நம் ஊர் வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலைந்து நாள் முட்டை சேர்த்து மொத்தமாக வைக்கலாம் என்று அடுக்களை அலமாரியில் வைத்தால், அந்த வெக்கைக்கே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பாதியில் செத்துப்போகும். இதற்கு நம்மிடம் ஒரு நல்ல வழி உண்டு. அகன்ற மண்பானையில் மணல் நிரப்பித் தண்ணீர் தெளித்து, மேலே சாக்கை விரித்து, அதில் முட்டையை அடுக்கி, வாயைத் துணியால் மூடி நிழலில் வைப்பது. ஈரம் ஆவியாக ஆவியாகப் பானைக்குள் குளிர்ச்சி நிற்கும். அப்படியும் ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். முட்டையைக் கழுவவும் வேண்டாம். கழுவினால் ஓட்டின் நுண்துளை வழியாகக் கிருமி உள்ளே போகும்.

காற்றாடி வைத்த இன்குபேட்டரில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். கரண்ட் போனால் பலர் பதறுகிறார்கள். அரை மணி நேரம் போனால் ஒன்றும் ஆகாது. கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். கரு கொஞ்சம் குளிர்ச்சியைப் பொறுக்கும், சூடு கூடினால் பொறுக்காது. ஈரப்பதத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முதல் இரண்டு வாரம் சுமார் 60 சதவீதம் வேண்டும். கோடையில் தண்ணீர்த் தட்டு சீக்கிரம் வற்றிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் அதே தட்டு அளவுக்கு மீறி ஈரம் காட்டும். ஒரு பருவத்தில் சரியாக வந்த கணக்கை அப்படியே அடுத்த பருவத்துக்கு வைக்க முடியாது.

14ஆம் நாள் வரை முட்டையை ஒரு நாளைக்குப் பல தடவை புரட்ட வேண்டும், இல்லையென்றால் கரு ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் புரட்டுவதை நிறுத்தி, ஈரத்தை 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றி, மூடியை மூடிவிட வேண்டும். இனி மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். எனக்குத் தெரிந்து இதைவிடக் கடினமான வேலை இதில் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கை தானாக அடங்கும். குஞ்சு முதலில் ஓட்டை உடைப்பதில்லை. முட்டையின் அகன்ற பக்கம் இருக்கும் காற்றறைச் சவ்வைக் கிழித்து, முதல் மூச்சு விடுகிறது. 1960களில் கேம்பிரிட்ஜில் மார்கரெட் வின்ஸ் என்ற ஆய்வாளர் காடை முட்டைகளை உற்றுக் கேட்டார். மூச்சுவிடத் தொடங்கிய குஞ்சு ‘டிக் டிக்’ என்று ஓசை எழுப்புகிறது. ஒட்டியிருக்கும் அடுத்த முட்டைக்குள் அது எட்டுகிறது. பின்தங்கிய குஞ்சு அதைக் கேட்டு வேகம் பிடிக்கிறது. முன்பின்னாக வளர்ந்தவை ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. தரையில் கூடு வைக்கும் பறவைக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. எனவே கடைசி நாட்களில் முட்டைகளைத் தள்ளித் தள்ளி வைக்காதீர்கள்; ஒன்றையொன்று தொட்டபடி கிடக்கட்டும்.

பிறகு ஓட்டில் ஒரு சின்ன விரிசல் தெரியும். அப்புறம் மணிக்கணக்காக ஒன்றும் நடக்காது. பார்ப்பவருக்குத்தான் அப்படி. அந்த நேரத்தில் சவ்விலுள்ள ரத்தம் குஞ்சின் உடலுக்குள் திரும்புகிறது, மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. இரக்கப்பட்டு அப்போது ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும், குஞ்சு போய்விடும். மூடியைத் திறந்தாலே ஈரம் போய், சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். பொறுத்தால், குஞ்சு தானே உள்ளே சுழன்று ஓட்டைச் சுற்றிலும் கொத்தி, தொப்பியைக் கழற்றுவதுபோல் முனையைத் தள்ளிவிட்டு வரும். நனைந்து தளர்ந்து கிடக்கும். எடை ஏழெட்டுக் கிராம்.

1990 மார்ச் 22இல் சோவியத் விண்வெளி நிலையமான மீரில் ஒரு காடைக்குஞ்சு பொரித்தது. எடையற்ற அந்த வெளியிலும் முட்டை தன் வேலையை முடித்துவிட்டது. வெளியே வந்த குஞ்சுதான் காலூன்ற இடமில்லாமல் திணறியது. பொரித்த பின்னும் குஞ்சுக்கு நாம் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

இறகு உலரும்வரை குஞ்சை இயந்திரத்திலேயே விடுங்கள். உள்ளே போன மஞ்சள் கரு ஒரு நாளைக்கு அதற்குப் பசி தெரியாமல் பார்த்துக்கொள்ளும். பிறகு பல்பு வெளிச்சத்தில் கதகதப்பான பெட்டிக்கு மாற்றுங்கள். அடியில் வழுவழுப்பான செய்தித்தாள் வேண்டாம், கால் விரிந்து நடக்க முடியாமல் போகும், சாக்கு விரியுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள். விரல்நுனி ஆழத் தண்ணீர் காடைக்குஞ்சை மூழ்கடித்துவிடும். 18 நாள் தாண்டியும் பொரிக்காத முட்டைகளை இன்னும் ஒரு நாள் விட்டுவைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள். அவற்றை உடைத்துப் பார்த்து, கரு எந்த நாளில் நின்றுபோனது என்று குறித்துக்கொண்டு குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ காட்டினால், அடுத்த தடவை எதைத் திருத்தலாம் என்று அவர்கள் சொல்வார்கள்.