பேஸ் ஊதும் பையனுக்கு ஒரு மணி நேரம்

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய அஜெண்டாவில் நாலாவதாக ஒரு வரி இருக்கிறது: "மொட்டைமாடியில் வாத்தியம் வாசிப்பதைத் தடை செய்தல்." யாரைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரியும். மூணாவது மாடிப் பையன் டியூபா பழகுகிறான். நானும் இருபது வருஷமாக பேண்டு செட்டில் பேஸ் ஊதுகிறவன் என்பதால், ஓட்டெடுப்புக்கு முன்னால் பேச அனுமதி கேட்டேன்.

போன வாரம் ஒருவர் என்னிடம் கேட்டார்: "இப்பதான் கையடக்கமா டிராவல் டியூபா வந்துடுச்சாமே, அதை வாங்கிக்கிட்டா சத்தம் குறையும் இல்ல?" நல்ல கேள்வி. ஆனால் சின்னதானால் சத்தம் குறையும் என்பது சரியில்லை. அது ஏன் என்பதை நாகஸ்வரத்தை வைத்துச் சொல்கிறேன்.

நாகஸ்வரத்தில் திமிரி குட்டை, பாரி நீளம். திமிரியில் சுருதி ஏறி நிற்கும், பாரியில் இறங்கி நிற்கும். டி.என். ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரியை எடுத்த பிறகுதான் அந்தக் கனத்த குரல் கச்சேரி மேடையில் நிலைத்தது. ஆக, குழலை வெட்டினால் சுருதி ஏறிவிடும். டியூபாவிலும் இதே கணக்குதான். பி ஃப்ளாட் டியூபாவின் குழாயை நீட்டி வைத்தால் சுமார் 18 அடி வரும். எஃப் டியூபா என்றால் 12 அடி. பல பேண்டு செட்டுகளில் பேஸ் வேலையைச் செய்கிற யூஃபோனியம் 9 அடி. இதில் ஒரு அடியைக்கூட வெட்ட முடியாது. டிராவல் டியூபா செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? அதே நீளக் குழாயை இன்னும் நெருக்கிச் சுற்றுகிறார்கள், வாய்ப்புறத்துப் பெரிய பெல்லைச் சின்னதாக்குகிறார்கள். இங்கிலாந்தின் வெஸ்ஸெக்ஸ் கம்பெனி இப்படிப்பட்டவற்றை விற்கிறது. சுருதி மாறாது, விரல் மாறாது. அடிக்குரல் கொஞ்சம் மெலியும். ஆனால் ஊதுகிற காற்றும் உதட்டின் அதிர்வும் அதேதான். பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் அது எதற்கு? தூக்கிக்கொண்டு போவதற்கு. முழு டியூபா சுமார் பத்து கிலோ, பெட்டியோடு சேர்த்தால் இன்னும் கூடும். எண்ணூரிலிருந்து காலை எலெக்ட்ரிக் டிரெயினில் அதோடு ஏறிப் பாருங்கள், கூட இருப்பவர்கள் நம்மையும் சேர்த்து இறக்கிவிடுவார்கள். நம் பையன் விமானப்படையின் மியூசிஷியன் தேர்வுக்குத் தயாராகிறான். அந்தத் தேர்வின் வாத்தியப் பட்டியலில் யூஃபோனியமும் பேஸ், டியூபாவும் உண்டு. பியானோ தவிர மற்ற வாத்தியத்தை அவரவரே கொண்டுபோக வேண்டும். தேர்வு நடப்பதும் வெளியூரில். அன்றைக்கு அவனுக்குச் சின்ன டியூபா உதவும். ஆனால் அது வெளிநாட்டுச் சாமான். இங்கே பெரும்பாலான பேண்டுக்காரர்களுக்கு வாத்தியம் வருவது மீரட்டின் ஜாலி கோட்டியிலிருந்து. 1885-இல் தொடங்கிய நாதிர் அலி கம்பெனி அந்த ஊர்க்காரர்களுடையதுதான். செகண்ட் ஹேண்டில் ஒரு யூஃபோனியம் கிடைத்தாலே அவனுக்குப் பாதிப் பிரச்சனை தீரும் என்பது என் அபிப்பிராயம்.

சத்தத்துக்கு வழி வேறு. பெல்லுக்குள் செருகுகிற பிராக்டிஸ் மியூட் இருக்கிறது. அது நிஜமாகவே சத்தத்தை அடக்கும். ஆனால் காற்று எதிர்த்துத் தள்ளும், அடி ஸ்வரங்கள் சுருதி விலகும். தினமும் மியூட்டிலேயே பழகினால் குரல் திறக்காது. இரவில் விரல் வேகத்துக்கு அது போதும். காசே இல்லாத வழி ஒன்றும் உண்டு. மவுத்பீஸை மட்டும் கையில் வைத்து ஊதுவது. கொசு ரீங்காரம் மாதிரிதான் கேட்கும், உதட்டுக்கு முழு வேலை. இன்னொன்று, ஊதாமலே விரலை மட்டும் ஓட்டுவது. இரண்டாவது வால்வு அரை ஸ்வரம் இறக்கும், முதலாவது ஒரு முழு ஸ்வரம், மூன்றாவது ஒன்றரை. இந்தக் கூட்டல் கணக்கை பஸ்ஸில் உட்கார்ந்துகூடத் தொடைமேல் தட்டிப் பழகலாம். தாளை எதிரில் வைத்து இப்படித்தான் நான் பாட்டுகளை ஏற்றிக்கொள்கிறேன்.

இவ்வளவும் செய்தாலும், ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது திறந்த குரலில் ஊதியே ஆகவேண்டும். அதற்கு மாற்று கிடையாது.

இடையில் ஒரு விஷயம். பேண்டு என்றால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருகிற கூட்டம் என்று இங்கே சிலர் இளக்காரமாகப் பேசியது என் காதிலும் விழுந்தது. நம்மை ஒட்டியிருக்கிற மணலியில்தான் முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் முத்துக்கிருஷ்ண முதலியார் ஆதரவில் தங்கியிருந்தது. கோட்டையில் வெள்ளைக்காரன் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டுத்தான் தீட்சிதர் நோட்டு ஸ்வரங்களுக்கு சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். அப்போது டியூபா கிடையாது. அந்தக் காலத்து ராணுவ பேண்டுகளில் அடிக்குரலுக்கு பாசூனும், பாம்பு மாதிரி வளைந்த செர்பன்ட்டும் இருந்தன. டியூபாவுக்கு பிரஷ்யாவில் வீப்ரெஹ்ட், மோரிட்ஸ் இருவரும் காப்புரிமை வாங்கியது 1835 செப்டம்பரில். தீட்சிதர் காலமானது அதே வருஷம் அக்டோபரில்.

சட்டம் பற்றியும் கேட்டார்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை. மாடியில் பேஸ் ஊதினால் பக்கத்தில் நிற்பவருக்கு 55-ஐத் தாண்டும், அதை நான் மறைக்கப்போவதில்லை. (கன்டெய்னர் லாரி ஹாரனை மட்டும் யாரும் அளந்து பார்ப்பதில்லை.) அதனால்தான் மாடியின் திறந்த வெளி வேண்டாம் என்கிறேன். தண்ணீர் டேங்க் பக்கத்துப் பழைய சாமான் அறையைக் கொடுங்கள். கதவை மூடி, பழைய மெத்தை இரண்டைச் சுவரில் சாய்த்தால் கூர்மை குறையும். அடிக்குரல் கொஞ்சம் கசியத்தான் செய்யும். நேரம் மாலை ஐந்தரையிலிருந்து ஆறரை. ஞாயிறு லீவு. பரீட்சை மாதத்தில் பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்காரர்கள் சொன்னால் அன்று மியூட் போட்டுக்கொள்வான். முதல் தளத்தில் உடம்பு முடியாத பெரியவர் இருக்கிறார், அவர் தூங்குகிற நேரத்தை நானே கேட்டுத்தான் இந்த நேரத்தைச் சொல்கிறேன்.

அந்த அறையில் வாத்தியத்தை விட்டுவைக்கக் கூடாது என்று தம்பிக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நம்ம உப்புக்காத்தில் பித்தளை களிம்பேறும், வால்வு ஸ்பிரிங் துருப்பிடிக்கும். ஊதி முடித்ததும் தண்ணீரை வடித்து, துணியால் துடைத்து, வால்வுக்கு எண்ணெய் விட்டு, கீழே எடுத்துப்போய்விட வேண்டும்.

தடைத் தீர்மானத்தை மூன்று மாதம் தள்ளிவைத்து, இந்த ஏற்பாட்டை நடத்திப் பார்க்கலாம் என்பதே என் கோரிக்கை. அறைச் சாவி என் பொறுப்பு. புகார் இருந்தால் பையனின் அம்மாவிடம் போகாதீர்கள், என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அடுத்த கூட்டத்தில் நோட்டைப் பார்த்து நீங்களே முடிவெடுங்கள்.